மூடுமுன் நிறுத்தல்: கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர்த் தொழிற்பகுதியில் தரச் சீர்மை

அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்



வாடிக்கையாளருக்கு முடித்துக் கொடுக்கும் வேலையின் தரத்தை முதல் ஆர்டரிலிருந்து கடைசி ஆர்டர்வரை ஒரே சீராக வைத்திருப்பது எப்படி என்பதே இன்றைய சொற்பொழிவின் பொருள். மேலாண்மை நூல்கள் இதற்குப் பொதுவான விடைகளை ஏராளமாகத் தருகின்றன. ஆனால் பொது விடையின் உண்மை ஓர் ஊரின் வேலையில் வைத்துப் பார்க்கும்போதுதான் தெரியவரும் என்பதால், ஆய்வின் எல்லை திருவள்ளூர் மாவட்டத் தொழிற்பகுதியோடு நிறுத்திக்கொள்ளப்படுகிறது. 1997இல் பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து உருவாக்கப்பட்ட இம்மாவட்டத்தில், ஆவடியில் 1960களிலிருந்து டாங்கி செய்துவரும் கனரக வாகனத் தொழிற்சாலையும், கும்மிடிப்பூண்டி சிப்காட் வளாகத்தில் இரும்பு உருக்கும் உலைகளும், தேர்வாய் கண்டிகையில் டயர்த் தொழிற்சாலையும், காட்டுப்பள்ளிக் கடற்கரையில் கப்பல் கட்டும் தளமும், இவை எல்லாவற்றுக்கும் 'ஜாப் ஒர்க்' செய்து தரும் எண்ணற்ற சிறு பட்டறைகளும் அருகருகே இருக்கின்றன. 2018இல் சென்னை மாவட்டத்தோடு சேர்க்கப்படும்வரை பாடியும் அம்பத்தூரும் இம்மாவட்டத்தில்தான் இருந்தன. ஆகவே அவற்றின் அனுபவமும் இங்குக் கணக்கில் கொள்ளப்படுகிறது.

இச்சொற்பொழிவு நிறுவ முயலும் கருத்து ஒன்றே. தொழிற்கூடத்தில் செய்யப்படும் வேலைகளில் பெரும்பாலானவை அடுத்து வரும் வேலையால் மூடப்பட்டுவிடுகின்றன. முதல் வெல்டை இரண்டாம் வெல்ட் மூடுகிறது. வெல்டைப் பெயின்ட் மூடுகிறது. கம்பிக் கட்டைக் கான்கிரீட் மூடுகிறது. அவ்வாறு மூடப்படுவதற்கு முன் வேலையை நிறுத்திப் பார்க்கும் அதிகாரமும், நேரமும், அதற்கான செலவும் யார் பேரில் எழுதப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தே தரம் சீராகவோ சீரற்றோ அமைகிறது. லாரி ஏற்றுவதற்கு முன் நடக்கும் கடைசிச் சோதனை பெரும்பாலும் மேல்தோலை மட்டுமே பார்க்கிறது.

கலைச்சொற்கள் இரண்டை முதலிலேயே விளக்கிவிடுவது நல்லது. ஆர்டரோடு வரும் தர உறுதித் திட்டத்தில், பட்டறைகள் 'க்யூ.ஏ.பி.' என்று குறிப்பிடும் அந்த அட்டவணையில், சில கட்டங்கள் 'ஹோல்ட் பாயின்ட்' என்று குறிக்கப்பட்டிருக்கும்; வாடிக்கையாளர் தரப்பு வந்து பார்த்துக் கையெழுத்திடாமல் அக்கட்டத்தைத் தாண்டக் கூடாது. வேறு சில 'விட்னஸ் பாயின்ட்' எனப்படும். முன்கூட்டித் தகவல் கொடுத்தும் அவர்கள் வராவிட்டால் வேலையைத் தொடரலாம். இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தாளில் ஓர் எழுத்துதான். நடைமுறையில் அதுவே ஒரு வேலையின் தலைவிதி.

1. உலையிலேயே தீர்மானமாகும் தரம்

கும்மிடிப்பூண்டியின் அடையாளமான டி.எம்.டி. கம்பியிலிருந்து தொடங்கலாம். வீடு கட்டுவோர் பலர் பழக்கத்தில் 'முறுக்குக் கம்பி' என்றே இன்னும் சொல்லும் இக்கம்பி இப்போது முறுக்கப்படுவதில்லை. செஞ்சூட்டில் உருட்டப்பட்ட கம்பியின்மீது நீரைப் பீய்ச்சி, மேற்பரப்பை மட்டும் சட்டெனக் குளிர்வித்து, உள்ளே எஞ்சிய சூட்டால் அப்பரப்பு மீண்டும் பதப்படும்படி செய்யப்படுகிறது. பழைய இரும்பும் 'ஸ்பாஞ்ச் அயர்ன்' எனப்படும் துளை இரும்பும் மின்தூண்டல் உலையில் உருக்கப்பட்டு, பில்லெட் என்னும் நீண்ட சதுரக் கட்டைகளாக வார்க்கப்பட்டு, பின்னர் ரோலிங் மில்லில் கம்பியாகின்றன.

இவ்வுலையின் இயல்பே இங்கு முதன்மையானது. மின்தூண்டல் உலை இரும்பை உருக்குமே ஒழியப் பெரிதாகச் சுத்திகரிக்காது. பழைய இரும்போடு உள்ளே போன பாஸ்பரஸும் கந்தகமும் பெரும்பாலும் அப்படியே வெளியே வருகின்றன. பாஸ்பரஸ் மிகுந்தால் கம்பி உடையும் தன்மை பெறுகிறது. இந்தியத் தரநிலை 1786, எஃப்.இ. 500 என்னும் தரத்துக்குக் கந்தகமும் பாஸ்பரஸும் தனித்தனியே 0.055 விழுக்காட்டுக்கும், இரண்டும் சேர்ந்து 0.105 விழுக்காட்டுக்கும் மேற்படக் கூடாது என்கிறது. 500டி என்னும் தரத்துக்கு அவ்வரம்பு தனித்தனியே 0.040, சேர்ந்து 0.075. 'டி' என்னும் எழுத்து உடையாமல் நீளும் தன்மையைக் குறிக்கிறது. 500க்கு உடையுமுன் 12 விழுக்காடு நீட்சி போதும், 500டிக்கு 16 விழுக்காடு வேண்டும். நிலநடுக்கத்தில் கட்டடம் வளைந்து எச்சரிக்கும் வாய்ப்பை இச்சிறு வேறுபாடு அளிக்கிறது. எனவே, கம்பியின் தரத்தில் பெரும்பகுதி உலைக்கு முந்தைய பழைய இரும்புக் களத்தில், தரம் பிரிக்கும் தொழிலாளியின் கண்ணில்தான் தீர்மானமாகிறது என்றால் மிகையில்லை.

நிறுத்திப் பார்ப்பதற்கு ஒரே ஒரு தருணம் இருக்கிறது. உருகிய இரும்பை ஊற்றுவதற்கு முன், நீண்ட கைப்பிடியுள்ள கரண்டியால் சிறிது முகந்து சிற்றச்சில் ஊற்றி, உறைந்த வில்லையின் முகத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, ஸ்பெக்ட்ரோமீட்டரில் வைத்து மின்பொறி அடித்தால், தனிமங்களின் விழுக்காடு சில நிமிடங்களில் திரையில் தெரிந்துவிடும். அந்நிமிடங்களில் மின்சாரக் கட்டணம் ஓடிக்கொண்டிருக்கிறது. வார்ப்பு எந்திரம் காத்திருக்கிறது. உலை மேற்பார்வையாளரின் பார்வை கடிகாரத்தின் மேல் இருக்கிறது. எண் வரம்பைத் தாண்டினால் அவ்வுருக்கை என்ன செய்வது என்பது முன்பே முடிவாகியிருக்க வேண்டும்: தூய்மையான சரக்கைச் சேர்த்து விகிதத்தைத் தாழ்த்துவதா, 500டி என்னும் பெயரை விட்டுவிட்டு 500ஆக வார்ப்பதா என்பதை அந்த நேரத்தில் உட்கார்ந்து விவாதிக்க முடியாது. வார்த்து முடிந்தபின் நல்ல பில்லெட்டும் கெட்ட பில்லெட்டும் கண்ணுக்கு ஒன்றுபோலவே இருக்கின்றன.

அடுத்த ஆபத்து கலப்பு. ஒருமுறை உருக்கி ஊற்றப்படும் இரும்பு முழுவதும் ஒரு 'ஹீட்' எனப்படும். அதன் எண் பில்லெட்டின் முனையில் எழுதப்பட்டு, கம்பிக் கட்டின் வில்லையிலும் சோதனைச் சான்றிதழிலும் தொடர்ந்து வர வேண்டும். சூடேற்றும் உலைக்குள் இரு ஹீட்டுகளின் பில்லெட்டுகள் அடுத்தடுத்து நுழையும்போது இடைவெளி விடாமல் தள்ளினால் அத்தொடர் அறுந்துவிடும். அதன்பின் கட்டில் தொங்கும் சான்றிதழ் வேறொரு இரும்பைப் பற்றிப் பேசும். சான்றிதழ் பொய்யன்று, அது இந்தக் கம்பியினுடையதன்று என்பதுதான் சிக்கல்.

கம்பியின்மீது நீரைப் பீய்ச்சும் நீர்ப்பெட்டியின் வேலையைப் பார்க்க எளிய வழியொன்று உண்டு. கம்பியைக் குறுக்கே வெட்டி, முகத்தை மெருகேற்றி, நைட்ரிக் அமிலம் சிறிதளவு கலந்த ஆல்கஹால் கரைசலைத் தடவினால், ஓரத்தில் கருத்த வளையமும் நடுவில் வெளிறிய வட்டமும் தோன்றும். வளையம் ஒரே தடிமனில் சுற்றி வந்தால் நீர் எல்லாப் பக்கமும் சமமாகப் பாய்ந்திருக்கிறது. ஒருபக்கம் மெலிந்திருந்தால் நீர்த்துளை ஏதோ அடைத்திருக்கிறது. ஒவ்வொரு ஷிப்டிலும் இதற்கு ஆகும் செலவு ஒரு துண்டுக் கம்பி. இத்தகைய மலிவான சோதனைதான் உற்பத்தி மும்முரத்தில் முதலில் கைவிடப்படுகிறது என்பது அவையிலுள்ள ஆலைப் பொறியாளர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

சீர்மையும் நேர்மையும் ஒன்றல்ல என்பதற்கும் இக்கம்பியே சான்று. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.888 கிலோ எடை என்றால், 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறக்குறைய 10.66 கிலோ நிற்க வேண்டும். தரநிலை இவ்வளவுக்குத் தொகுப்பு எடையில் 5 விழுக்காடு கூடவோ குறையவோ இடம் தருகிறது. எப்போதும் கீழ்வரம்பை ஒட்டியே உருட்டும் ஆலையின் சரக்கு மிகச் சீரானது. ஆயினும் கம்பியை எண்ணிக்கையில் வாங்கும் வாடிக்கையாளருக்கு ஒவ்வொரு கம்பியிலும் அரைக்கிலோ குறைகிறது. அளவில் சீர்மை இருந்தால் மட்டும் போதாது. அச்சீர்மை யாருக்குச் சாதகமான பக்கத்தில் நிற்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

2. பட்டறையில் மூடப்படுவன

கட்டுமானச் சட்டங்கள், தொட்டிகள், குழாய்த் தொகுதிகள் முதலியவற்றைச் செய்து தரும் ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் மூடும் வேலை இருமுறை நிகழ்கிறது. முதலில் வெல்டிங்கில், பின்னர் பெயின்டிங்கில்.

வெல்டிங்கில் தவறு பெரும்பாலும் நெருப்பு பற்றுவதற்கு முன்பே நிகழ்ந்துவிடுகிறது. இரு தகடுகளைப் பொருத்தி நிறுத்தும் 'ஃபிட்-அப்' நிலையில் இடைவெளி கூடியிருந்தாலோ, விளிம்பு ஏறி இறங்கியிருந்தாலோ, முதல் ஓட்டமாகிய 'ரூட் ரன்' உள்ளே முழுமையாக இறங்காது. மேலே வரும் ஓட்டங்கள் எவ்வளவு அழகாக விழுந்தாலும் அக்குறை அடியில் கிடக்கும். குறைந்த ஹைட்ரஜன் வகையான 7018 எலக்ட்ரோடு காற்றின் ஈரத்தை உறிஞ்சக்கூடியது. அதை 250 டிகிரி செல்சியசுக்கு மேல் இரண்டு மணி நேரமாவது ஓவனில் காயவைத்து, சூடான கைப்பெட்டியில் எடுத்துச் சென்று, சில மணி நேரத்துக்குள் பயன்படுத்த வேண்டும். ஈரத்திலுள்ள ஹைட்ரஜன் வெல்டுக்குள் புகுந்தால், வெல்ட் ஆறிப் பல மணி நேரமோ ஓரிரு நாளோ கழிந்தபின் விரிசலாக வெளிப்படும். ஆகவேதான் உறுதி மிகுந்த எஃகுக்கு 48 மணி நேரம் கழித்தே சோதிக்குமாறு விதிக்கப்படுகிறது. இங்கு நிறுத்தல் என்பது காத்திருத்தலும் ஆகும். அன்றே சோதித்து அன்றே பெயின்ட் அடித்தால் சோதனை அறிக்கை சுத்தமாக இருக்கும், விரிசல் பெயின்டுக்கு அடியில் பிறக்கும்.

எண்ணூர், காட்டுப்பள்ளி, பழவேற்காடு என நீளும் கடலோரக் காற்றில் பெயின்டிங்கின் சிக்கல் இன்னும் கடுமை. மணலோ கசடோ பீய்ச்சி, 'எஸ்.ஏ. இரண்டரை' எனப்படும் அளவுக்கு வெளிறிய சாம்பல் நிறம் வரும்வரை துப்புரவாக்கிய இரும்பு, உப்புக் காற்றில் சில மணி நேரத்திலேயே மீண்டும் பழுப்பேறத் தொடங்கும். காற்றிலுள்ள ஈரம் துளியாகப் படியத் தொடங்கும் வெப்பநிலையைப் பனிநிலை என்பர். இரும்பின் சூடு அதைவிடக் குறைந்தது 3 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும், காற்றின் ஈரப்பதம் 85 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்பது துறையின் பொது விதி. வடகிழக்குப் பருவமழையின் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இவ்விரு நிபந்தனைகளும் ஒரே நேரத்தில் நிறைவேறும் மணிநேரங்கள் மிகக் குறைவு. எனவே, நவம்பர் முடிவில் ஒப்படைக்க வேண்டிய வேலைக்கு மூடிய பெயின்டிங் கொட்டகை இல்லாமல் ஒப்புக்கொள்ளும் பட்டறை, ஆர்டரில் கையெழுத்திட்ட அன்றே தரத்தை விட்டுக்கொடுத்துவிடுகிறது. குற்றம் பின்னர் பெயின்டர் தலையில் விழுகிறது.

இதனோடு சேர்வது மாதக் கடைசி. அம்மாதத்து பில்லிங்கில் சேர்க்க வேண்டும் என்பதற்காக 30, 31 தேதிகளில் ட்ரெய்லரை கேட்டில் நிறுத்திவைத்துக்கொண்டு, கை வைத்தால் ஒட்டும் பெயின்டோடு சரக்கை ஏற்றும் காட்சி இப்பகுதியில் அரிதன்று. மாதத்தின் முதல் வாரத்தில் செய்த வேலையையும் கடைசி இரு நாட்களில் செய்த வேலையையும் தனித்தனியே பிரித்து, திரும்பி வந்த புகார்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும் எளிய கணக்கை எந்தப் பட்டறையும் தானே போட்டுக்கொள்ளலாம்.

3. ஏழு கப்பல்கள்

சீரான ஒப்படைப்புக்கு இப்பகுதியிலேயே பொதுவெளியில் பதிவான சிறந்த உதாரணம் காட்டுப்பள்ளியில் இருக்கிறது. இந்தியக் கடலோரக் காவல்படைக்கு ஒரே வகையைச் சேர்ந்த ஏழு ரோந்துக் கப்பல்களைக் கட்டித் தர, லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனத்தோடு 2015 மார்ச்சில் பாதுகாப்பு அமைச்சகம் 1,432 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் செய்தது. ஏறத்தாழ 98 மீட்டர் நீளமும் மணிக்கு 26 கடல்மைல் வேகமும் கொண்ட இக்கப்பல்களில் முதலாவதான விக்ரம் 2018 ஏப்ரலில் படையில் சேர்ந்தது. விஜயா, வீரா, வராஹா, வரத், வஜ்ரா ஆகியன தொடர்ந்தன. ஏழாவதான விக்ரஹா 2021 ஆகஸ்டு 28 அன்று சென்னையில் பாதுகாப்பு அமைச்சர் ராஜ்நாத் சிங்கால் பணியில் சேர்க்கப்பட்டது. இடையில் பெருந்தொற்றுக் காலம் குறுக்கிட்டும், ஏழும் கெடுவுக்குள்ளோ கெடுவுக்கு முன்போ ஒப்படைக்கப்பட்டதாக நிறுவனம் அறிவித்தது.

பெரிய நிறுவனத்துக்கு வசதி இருக்கிறது, செய்துவிட்டது என்று இதைத் தள்ளிவிடுவது எளிது. வசதி மட்டும் காரணமாயின், வசதி மிகுந்த வேறு பல கப்பல் தளங்களில் திட்டங்கள் ஆண்டுக்கணக்கில் தாமதமானதற்கு விளக்கம் இல்லை. இரண்டு காரணங்கள் கவனத்துக்குரியன. ஒரே வடிவமைப்பு ஏழுமுறை திரும்பி வந்ததால், முதல் கப்பலில் எந்தக் குழாயைப் பொருத்துவதற்கு முன் எந்தத் தடுப்பை மூடியது தவறு என்று தெரிந்ததோ, அவ்வறிவு இரண்டாம் கப்பலின் வேலை வரிசைக்கு உதவும் வாய்ப்பு இருந்தது. ஒரே ஒரு பொருளை மட்டும் செய்து கொடுக்கும் ஆர்டரில் அப்படிப்பட்ட வாய்ப்பு கிடையாது.

இரண்டாம் காரணமே இச்சொற்பொழிவின் கருத்துக்கு நெருக்கமானது. வடிவமைப்பும் கட்டுமானமும் அமெரிக்கன் பியூரோ ஆஃப் ஷிப்பிங், இந்தியக் கப்பல் பதிவகம் ஆகிய இரு வகைப்பாட்டு அமைப்புகளின் சான்றுக்கு உட்பட்டிருந்ததோடு, கடலோரக் காவல்படையின் கண்காணிப்புக் குழு ஒன்றும் தளத்திலேயே தங்கியிருந்தது. வாடிக்கையாளர் தளத்தில் இருக்கும்போது, ஒரு வெல்டை மூடுமுன் பார்க்க வேண்டும் என்ற அழைப்புக்குப் பதில் கிடைப்பது நாள்கணக்கில் தள்ளிப்போக வேண்டியதில்லை. கும்மிடிப்பூண்டிப் பட்டறையொன்று இதே அழைப்பை அனுப்பினால், இன்ஸ்பெக்டர் வேறோர் ஊரில் வேறொரு பட்டறையில் இருப்பார். மூன்றாம் நாள் வருவார். அம்மூன்று நாளும் கிரேனும் ஆட்களும் சும்மா நிற்க, கெடு மட்டும் நகர்வதில்லை. ஹோல்ட் பாயின்ட் மீறப்படும் இடங்களில் பல இத்தகையன. அவற்றைப் பட்டறையின் ஒழுங்கீனம் என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது.

ஆர்டர் பெறுபவரும் கட்டுபவரும் வேறாக இருந்தாலும் இம்முறை செல்லும் என்பதற்கு அர்னாலா என்னும் கடற்படைக் கப்பலைக் குறிப்பிடலாம். ஒப்பந்தம் கொல்கத்தாவின் கார்டன் ரீச் நிறுவனத்துடையது, கட்டப்பட்டது காட்டுப்பள்ளியில், 2025 ஜூனில் கடற்படையில் சேர்ந்தது.

4. பாடியின் பாடம்

வேறுபாட்டை அளந்து ஆளும் முறைக்கு இப்பகுதியில் நெடிய மரபு உண்டு. அமெரிக்கப் புள்ளியியலாளர் வால்டர் ஷூஹார்ட் 1924இல் வகுத்த கட்டுப்பாட்டு வரைபடம், ஒரு வேலையில் இயல்பாக நேரும் ஏற்ற இறக்கத்தையும் குறிப்பிட்ட காரணத்தால் நேரும் பிறழ்வையும் பிரித்துக் காட்டுகிறது. அவர் வழியில் எட்வர்ட்ஸ் டெமிங் ஜப்பானுக்கு அம்முறையைக் கொண்டு சென்றார். 1951 முதல் டெமிங் பெயரால் விருது வழங்கப்படுகிறது. அவ்விருதை 1998இல் பாடியின் சுந்தரம் கிளேட்டன் பிரேக் பிரிவு பெற்றது. இந்தியாவில் அதைப் பெற்ற முதல் நிறுவனம் அதுவே. 2004இல் லூகாஸ் டி.வி.எஸ். பெற்றது.

இவ்வரைபடத்தின் உண்மையான பயன், எப்போது நிறுத்தக் கூடாது என்பதையும் சொல்வதில் இருக்கிறது. அளவு சற்று ஏறியதும் மெஷினைத் திருத்தி, சற்று இறங்கியதும் மறுபடி திருத்தும் ஆபரேட்டர், நல்லெண்ணத்தோடு ஏற்ற இறக்கத்தைப் பெருக்கிவிடுகிறார். நிறுத்தும் அதிகாரம் யாருக்கு என்பதோடு எந்த எண்ணுக்கு என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐ.எஸ்.ஓ. 9001 சான்றிதழை வரவேற்பறைச் சுவரில் மாட்டியுள்ள பட்டறைகளில் எத்தனை, அவ்வெண்ணை மெஷின் அருகில் மாட்டியிருக்கின்றன என்று கேட்பது தகும். மாட்டியிருந்தாலும் எந்த மொழியில் என்பது அடுத்த கேள்வி. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் மிகுந்த கும்மிடிப்பூண்டியில், ஆங்கிலத்தில் அச்சிட்ட வெல்டிங் விதிமுறைத் தாள் ஆடிட்டருக்காகத் தொங்குகிறதே தவிர வெல்டருக்காகத் தொங்கவில்லை.

5. நிறுத்தத்தின் செலவு

இதுவரை கூறியவை அனைத்தும் பணத்தில் வந்து முட்டுகின்றன. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்குவோர், ஒப்பந்தம் எவ்வளவு நீண்ட தவணை குறித்திருந்தாலும், சரக்கை ஏற்ற நாளிலிருந்து 45 நாளுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் வங்கி விகிதத்தின் மும்மடங்கில் மாதக் கூட்டுவட்டி உண்டு. அவ்வாறு தராத தொகையை அவ்வாண்டின் செலவாக வருமானவரிக் கணக்கில் கழிக்க முடியாது என்னும் திருத்தமும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. ஆனால், ஏற்ற நாள் எது என்பதில் ஒரு நுட்பம் இருக்கிறது. சரக்கு வந்த 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தால், அவ்வாட்சேபம் நீக்கப்பட்ட நாளே ஏற்ற நாளாகக் கொள்ளப்படும்.

இவ்விதி நியாயமானதே, குறையுள்ள சரக்குக்கு உடனே பணம் கேட்க முடியாது. எனினும், இதன் விளைவு விசித்திரமானது. மூடுமுன் பார்க்க வராத வாங்குபவருக்கு, மூடியபின் ஆட்சேபம் எழுதிப் பணத்தைத் தள்ளிப்போட வழி இருக்கிறது. வேலை நடக்கும்போது குறை சொன்னால் தாமதச் செலவில் அவருக்கும் பங்கு வரும். முடிந்தபின் சொன்னால் முழுச் செலவும் பட்டறையுடையது. இந்நிலையில், தானே முன்வந்து வேலையை நிறுத்தும் பட்டறை உரிமையாளர் கூலியையும் கெடுவையும் ஒருசேர இழக்கிறார். அவரிடம் தர உணர்வு பற்றி வகுப்பு எடுப்பதால் பயன் சொற்பம்.

ஆகவே, இந்த அவையில் உள்ள பெரிய நிறுவனங்களின் கொள்முதல் அதிகாரிகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்து வெளியிடும் பர்ச்சேஸ் ஆர்டரில் மூன்று வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: ஹோல்ட் பாயின்ட் அழைப்புக்கு எத்தனை மணி நேரத்தில் ஆள் வருவார் என்பது, வராவிட்டால் அந்நேரத்துக்குக் கெடு தானாக நீளும் என்பது, பார்த்துக் கையெழுத்திட்ட கட்டத்தைப் பற்றிப் பின்னர் ஆட்சேபம் எழுப்பினால் அதற்கான காரணத்தையும் அளவையும் எழுத்தில் தருவோம் என்பது. பட்டறை உரிமையாளர்களுக்கு ஒன்றே ஒன்று: வேலையை நிறுத்தும் கையெழுத்தை உற்பத்தி மேலாளரிடமிருந்து எடுத்து, அந்த ஷிப்டின் தரப் பரிசோதகரிடம் கொடுங்கள், மாதத்தின் கடைசித் தேதியிலும்.